கேள்வி-பதில்: தனியா போனா பறக்குது, கூட்டத்துல படுத்துக்குது

போன இதழ்ல கம்மி காசுல கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றது பத்தி கேளுங்கன்னு ரெண்டு வரி போட்டோம், வந்ததுல முக்கால்வாசி ஆன்லைன் ஆர்பிஜி (நெறைய பேர் ஒரே உலகத்துல வேஷம் போட்டு ஆடுற கேம்) ஆடுறவங்க கேள்வி. சுடுற கேம் ஆடுறவங்களுக்கு ஆயிரம் வீடியோ கெடக்கு, ராய்டு (கூட்டமா சேந்து பாஸ அடிக்கறது) போறவங்களுக்கு யாரும் ஒழுங்கா சொல்றதில்ல போல. சரி, இந்த தடவ முழுக்க அவங்களுக்கே. பேர் போடாதீங்கன்னு நெறைய பேர் கேட்டதால கேம்ல என்ன வேஷமோ அத வச்சே கூப்பிடுறேன்.

கேள்வி: அண்ணே, என்கிட்ட பழைய நாலாவது ஜெனரேஷன் ஐ5 கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு வருஷம் சேத்து வச்ச காசுல ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினேன். தனியா காட்டுல சுத்துனா 90, 100 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம் வரையுதுங்கற கணக்கு) வருது. வேர்ல்ட் பாஸ் (ஊரே கூடி அடிக்கற பெரிய எதிரி) வந்து அம்பது பேர் கூடிட்டா 20க்கு எறங்கிருது. கார்டு டூப்ளிகேட்டா? கடைக்காரர் ஏமாத்திட்டாரா? – ஒரு டேங்க் (முன்னாடி நின்னு அடி வாங்கற வேஷம்)

கார்டு நல்ல கார்டுதான் தம்பி, கடைக்காரர திட்டாதீங்க. மாத்த வேண்டியத மாத்தாம வேற எதையோ மாத்திட்டீங்க, அவ்ளோதான். வருத்தப்படாதீங்க, இந்த வகை கேம் ஆடுற பாதி பேர் பண்ற தப்பு இது.

மொதல்ல ஒரு சின்ன டெஸ்ட். அடுத்த தடவ அம்பது பேர் கூடி நிக்கும்போது ரெசல்யூஷன 1080ல இருந்து 720க்கு எறக்கிப் பாருங்க. கார்டுதான் தெணறுதுன்னா உடனே எஃப்பிஎஸ் ஏறணும். ஏறாம அதே 20லயே நின்னுச்சுன்னா கார்டு சும்மா கைய கட்டிட்டு ஒக்காந்திருக்குன்னு அர்த்தம், ப்ராசஸர் வேலைய முடிச்சுக் குடுக்காம அது எத வரையும்? நீங்க உடனே "டாஸ்க் மேனேஜர்ல ப்ராசஸர் 40 சதவீதம்தானே காட்டுது"ன்னு கேப்பீங்க, எல்லாரும் ஏமாறுற எடம் அதான். அது எல்லா கோருக்கும் (ப்ராசஸருக்குள்ள தனித்தனியா வேலை செய்யற பகுதி) சேத்த கணக்கு. உங்க ஐ5ல நாலு கோர், அதுல ஒண்ணு முழுசா மூச்சு முட்டுனாலும் மொத்தத்துல 25 சதவீதம்னுதான் காட்டும். 12 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடற வேலை வரிசை) இருக்கிற ப்ராசஸர்ல ஒரே ஒரு த்ரெட் ஃபுல்லா ஓடுனா 8 சதவீதம்தான் தெரியும், பாக்கறதுக்கு சும்மா தூங்குற மாதிரியே இருக்கும்.

ஏன் ஒரு த்ரெட் மட்டும் சாகுதுன்னா, 60 எஃப்பிஎஸ் வேணும்னா ஒரு ஃப்ரேமுக்கு கெடைக்கிற நேரம் கிட்டத்தட்ட 16.7 மில்லிசெகண்டு. அதுக்குள்ள அம்பது பேர்ல யார் எங்க நிக்கறாங்க, யார் கைய தூக்கறாங்க, யார் என்ன கவசம் போட்டிருக்காங்க, யார் தலைக்கு மேல என்ன பேரு, எத்தன மந்திரம் பறக்குது, யாருக்கு உயிர் கொறையுதுன்னு எல்லாத்தையும் கணக்கு பண்ணி, இத வரை, அத வரைன்னு கார்டுக்கு ஆயிரக்கணக்குல உத்தரவு அனுப்பணும். இதுல பெரும்பகுதி ஒரே மெயின் த்ரெட்ல வரிசையா நடக்குது. ஊர் கூடி தேர் இழுக்கற கதை இல்ல இது, ஒருத்தன் இழுக்க மத்தவன்லாம் பாத்துட்டு நிக்கற கதை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது 2004ல, கில்டு வார்ஸ் 2 2012ல, ஃபைனல் ஃபேன்டஸி 14 இப்ப இருக்கிற ரூபத்துல வந்தது 2013ல. எஞ்சினுக்கு மேல எஞ்சின் ஒட்டுப்போட்டுதான் வந்திருக்காங்க. வார்கிராஃப்ட்ல 2018ல டைரக்ட்எக்ஸ் 12 (கேம் கார்டோட பேசற மென்பொருள்) கொண்டு வந்து வேலைய பல கோருக்கு பிரிச்சுக் குடுத்தாங்க, கில்டு வார்ஸ் 2லயும் 2021ல டைரக்ட்எக்ஸ் 11 வந்துச்சு, ரெண்டுமே நல்ல மாற்றம்தான், ஆனா அந்த ஒத்த த்ரெட்டோட சுமை முழுசா எறங்கல.

இன்னொன்னு கேஷ் மெமரி. அம்பது பேரோட விவரம் மெமரில அங்கங்க செதறிக் கெடக்கும், ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற கேஷ்ல அது கெடைச்சா சட்டுனு எடுத்துரும், இல்லாட்டி ராம் வரைக்கும் நடந்து போய் எடுத்துட்டு வரணும். 2022ல வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டில 96 எம்பி எல்3 கேஷ், சாதாரண 5800எக்ஸ்ல 32 எம்பி. கோரு ரெண்டுலயும் அதே எட்டுதான், கிளாக் ஸ்பீடு எக்ஸ்3டில கொஞ்சம் கம்மி கூட, ஆனா கூட்டத்துல அது விடுற எஃப்பிஎஸ்ஸ பாத்துட்டு ராய்டு ஆளுங்க தேடித்தேடி வாங்கினாங்க.

உங்களுக்கு என்ன வழின்னா, மதர்போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் சேத்துதான் மாத்தணும், உங்க போர்டு டிடிஆர்3ங்கற பழைய ராம் காலத்து போர்டு. ரைசன் 5 5600 இல்லாட்டி ஐ5 12400எஃப், ரெண்டுல எது கம்மியா கெடைக்குதோ அது. கார்ட அப்படியே தூக்கி மாட்டிக்கலாம், அது வீணாகல. நாலாவது ஜெனரேஷன் விண்டோஸ் 11க்கு முறைப்படி செட் ஆகாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட்டும் முடிஞ்சது, எப்படியும் மாத்த வேண்டிய பொட்டிதான். அதுவரைக்கும் கேம்ல கேரக்டர் மாடல் லிமிட்னு இருக்கும், அத கொறைங்க. நிழல், தூரப்பார்வை இது ரெண்டும் ப்ராசஸர தின்னும், அதையும் கொறைங்க. டெக்ஸ்ச்சர கொறைச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல, அது கார்டு வேலை, ஃபுல்லாவே வச்சுக்கோங்க. ஆட்ஆன் (கேம் கூட போடற குட்டி எக்ஸ்ட்ரா புரோகிராம்) நாப்பது அம்பது போட்டு வச்சிருந்தா பாதிய தூக்குங்க, அதுவும் அந்த ஒத்தை ஆள் தலைலதான் விழுது.

கேள்வி: அண்ணா, மொத தடவ அசெம்பிள் பண்ணப் போறேன். கையில இருக்கற காச எதுக்கு எவ்ளோன்னு பிரிக்கறது? எல்லா எடத்துலயும் பாதிய கிராபிக்ஸ் கார்டுக்கு வைன்னு சொல்றாங்க. – ஒரு ஹீலர்

அந்த பாதி கணக்கு தனியாள் கேமுக்கு, பெரிய பெரிய சினிமா மாதிரி இருக்குமே அதுக்கு. நீங்க ஹீலர்மா, நாப்பது பேர் உயிர் கம்பிய பாத்துக்கிட்டே ஒக்கார்றவங்க, உங்களுக்கு கார்டுக்கு மூணுல ஒரு பங்கு போதும், மிச்சமாகறத ப்ராசஸர் பக்கம் தள்ளுங்க.

நான் வாங்குனா எப்படி வாங்குவேன்னு சொல்றேன். ப்ராசஸர் ரைசன் 5 5600. இங்க ஒரு பேர் குழப்பம் இருக்கு, 5500, 5600ஜின்னு பக்கத்துலயே ரெண்டு நிக்கும், நூறு நம்பர்தானே வித்தியாசம்னு எடுத்துராதீங்க, அந்த ரெண்டுலயும் எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600ல 32. மேல டேங்க் தம்பிக்கு சொன்னத படிச்சிருந்தா ஏன்னு புரியும். அதுக்கும் கீழ எறங்கியே ஆகணும்னா ஐ3 12100எஃப், நாலு கோர்தான், ஆனா ஒவ்வொரு கோரும் வேகம், ஆறு கோர் இருக்கிற பழைய ப்ராசஸர் பலத விட இந்த வேலைக்கு இது தேவல.

ராம் 16 ஜிபி, ஆனா ரெண்டு 8 ஜிபியா வாங்குங்க, அப்பதான் டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு பாதைல ஓடும். "இப்ப ஒரு 16 போட்டுட்டு அப்புறம் இன்னொன்னு சேத்துக்கலாம்"னு கடைல சொல்லுவாங்க, அந்த அப்புறம் வர்றதே இல்ல. டிடிஆர்4னா 3200 இல்ல 3600 ஸ்பீடு. மாட்டுன கையோட பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்) போய் எக்ஸ்எம்பி (ராம அதோட முழு ஸ்பீடுல ஓட விடற செட்டிங்) ஆன் பண்ணுங்க, இல்லன்னா 3200 ராம் பெரும்பாலும் 2133லயோ 2400லயோ 2666லயோதான் ஓடும், அதுபாட்டுக்கு தானா ஏறாது. வருஷக்கணக்கா அப்படியே ஓட்டிட்டு இருக்கறவங்கள நானே பாத்திருக்கேன்.

கார்டு 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 ரேஞ்சு. 1080 ஸ்க்ரீனுக்கு தாராளம், கரண்டும் கம்மி, 132 வாட்ஸ்தான். எஸ்எஸ்டி என்விஎம்இ (வேகமான வகை), முடிஞ்சா ஒரு டெராபைட், ஏன்னா இந்த கேமெல்லாம் வருஷத்துக்கு வருஷம் ஊதிக்கிட்டே போகும்.

ஏஎம்5 (ஏஎம்டியோட டிடிஆர்5 காலத்து ப்ராசஸர் சாக்கெட்) வாங்கலாமான்னும் உங்க மெயில்ல கீழ ஒரு வரி இருந்துச்சு. காசு கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா எட்டும்னா வாங்குங்கன்னுதான் சொல்வேன். அந்த சாக்கெட்ட 2027 வரைக்குமாவது விடமாட்டோம்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, இப்ப சாதாரண ஆறு கோர் போட்டு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அதே போர்டுல ஒரு எக்ஸ்3டி மாட்டிக்கலாம். ஒரே கேம பத்து வருஷம் ஆடுற ஜாதி நாம, அதுக்கு இதவிட பொருத்தமான வழி இல்ல. ஆனா டிடிஆர்5 ராம் கட்டாயம், அதையும் சேத்து கணக்கு போட்டுட்டு எறங்குங்க.

கேள்வி: ஆர்ஜிபி லைட்டு இருக்கிற ராம் போட்டா எஃப்பிஎஸ் ஏறுமா? – ஒரு மந்திரவாதி

ஏறாது. ரூம் வெளிச்சம் ஏறும்.

கேள்வி: ஐயா, நான் கேம் ஆடுறவ இல்ல, ஆடுறவனோட அம்மா. பையன் ஒரு லிஸ்ட் குடுத்திருக்கான். லிக்விட் கூலிங் வேணுமாம், 32 ஜிபி ராம் வேணுமாம், 850 வாட்ஸ் பவர் சப்ளை வேணுமாம். அவன் சொல்றது நெஜமா, இல்ல என் தலையில மொளகா அரைக்கறானா? – ஓர் அம்மா

அம்மா, மூணுல ஒண்ணு அரைக்கறான், ஒண்ணு பாதி நெஜம், இன்னொன்னு அவனுக்கே வெவரம் பத்தல.

லிக்விட் கூலிங் வேணவே வேணாம். அவன் எழுதியிருக்கிற ப்ராசஸர் 65 வாட்ஸ் வகை, டப்பாவுலயே ஃபேன் சேத்துதான் வருது, அதுவே தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும் அவ்ளோதான். சத்தம் புடிக்கலன்னா சின்னதா ஒரு ஏர் கூலர் போட்டா தீந்துச்சு. 32 ஜிபி பாதி நெஜம், கேம் மட்டும்னா 16 போதும், ஆனா பசங்க கேம், வாய்ஸ் சாட், பின்னாடி இருவது டேப் ப்ரௌசர்னு எல்லாத்தையும் தொறந்து வச்சுக்கிட்டுதான் ஆடுவாங்க, ரெண்டு அக்கவுண்ட ஒரே நேரத்துல ஓட்டறவனும் உண்டு, அப்ப 16 முட்டும். இப்ப ரெண்டு 8 போட்டு, போர்டுல நாலு ஸ்லாட் இருக்கறதா பாத்து வாங்கச் சொல்லுங்க.

பவர் சப்ளைல 850 தேவையில்ல, இந்த பொட்டிக்கு 550 வாட்ஸ் தாராளம். ஆனா அதுல காச மிச்சம் புடிக்காதீங்க, நல்ல கம்பெனியா, வாரண்டி அஞ்சு வருஷத்துக்கு மேல இருக்கறதா வாங்குங்க. கேபினட் கூடவே இலவசமா வர்ற எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைதான்) கண்டிப்பா வேணாம். டப்பா மேல 80 ப்ளஸ்னு போட்டிருப்பான், அது கரண்ட எவ்ளோ வீணாக்காம குடுக்குதுங்கற அளவுதான், தரத்துக்கு சர்டிபிகேட் இல்ல. நான் ஒரு தடவ பழைய கேபினட்ல இருந்த எஸ்எம்பிஎஸ்ஸயே போதும்னு விட்டுட்டேன், அஞ்சு வாரமா சாகாத பாஸ் ரெண்டு சதவீத உயிரோட நிக்கறான், பொட்டி டப்புன்னு அணைஞ்சிருச்சு. வெண்ணெ தெரண்டு வரும்போது தாழி ஒடைஞ்ச கதைதான். அந்த கில்டுல (சேந்து ஆடுற குழு) இன்னிக்கும் என் பேரு "பவர்கட்".

கேள்வி: இப்போதைக்கு கார்டு வாங்க காசு இல்ல. 5600ஜி மாதிரி உள்ளயே கிராபிக்ஸ் இருக்கிற ப்ராசஸர் போட்டு ஓட்டலாமா? நான் சண்டைக்கெல்லாம் ரொம்ப போக மாட்டேன், கேம்ல மீன் புடிச்சு வித்துட்டு இருப்பேன். – மீன் புடிக்கிறவர்

மீனுக்கு தாராளமா போதும். சண்டைக்கும் ஓரளவு போதும், செட்டிங் லோல வச்சு 1080ல, இல்ல ஒரு படி எறங்கி 720ல, மேல சொன்ன மூணு கேமுமே ஆடற பதத்துல ஓடும். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் மாதிரி லேசான கேம்னா கேக்கவே வேணாம்.

ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, ராம் கண்டிப்பா ரெண்டு ஸ்டிக். உள்ள இருக்கிற கிராபிக்ஸுக்கு தனி மெமரி கெடையாது, உங்க ராம்லதான் கடன் வாங்கி ஓட்டுது, ஒத்தை ஸ்டிக் போட்டா அது போற பாதையே பாதியாயிரும், எஃப்பிஎஸ் பளிச்சுனு விழும். கடன் குடுத்த மீதிலதான் விண்டோஸும் கேமும் ஓடணும்கறதால 8 ஜிபி பத்தாது, 16 வேணும். ரெண்டாவது, பின்னாடி கார்டு வாங்குனாலும் இந்த ப்ராசஸரோட 16 எம்பி கேஷ் அப்படியேதான் இருக்கும், கூட்டத்துல 5600 அளவுக்கு வராது. ஆறு மாசத்துல கார்டு வாங்கிருவேன்னு உறுதியா தெரிஞ்சா 5600 போட்டு கூட ஒரு பழைய கார்டு யார்கிட்டயாவது எரவல் வாங்கி ஓட்டுங்க. கார்டே வேணாம், மீனே போதும்னா 5600ஜி.

கேள்வி: பிரதர், புதுசா அசெம்பிள் பண்ணேன், எஃப்பிஎஸ் 100 நிக்குது, ஆனா தரைல செவப்பு வட்டத்துல இருந்து வெளிய வந்த பின்னாடியும் அடி விழுது. எத மாத்தணும்? – ஒரு வில்லாளி

கம்ப்யூட்டர்ல ஒண்ணும் மாத்தாதீங்க, அது பிங், அதாவது சேதி சர்வருக்கு போய்ட்டு வர்ற நேரம். உங்க ஸ்க்ரீன்ல வெளிய வந்துட்டீங்க, சர்வருக்கு அந்த சேதி இன்னும் போய் சேரல, அது கணக்குல நீங்க வட்டத்துக்குள்ளதான் நிக்கறீங்க. ஃபைபருக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், சர்வர் 5000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா போய்ட்டு வர்றதுக்கே 50 மில்லிசெகண்டு ஆகும், கேபிளு நேரா போறதில்லங்கறதால நெஜத்துல இன்னும் கூட. எந்த கார்டும் ரவுட்டரும் இத கொறைக்காது. "கேமிங் ரவுட்டர்"னு கொம்பு மொளைச்ச மாதிரி ஒண்ணு விப்பாங்க, ஏமாறாதீங்க. கேரக்டர் உருவாக்கும்போதே பக்கத்து ரீஜன் சர்வர எடுக்கறதுதான் பாதி வைத்தியம்.

மீதி பாதி லேன் கேபிள். வைஃபைல சராசரி பிங் நல்லாதான் காட்டும், ஆனா அப்பப்ப ஒரு குதி குதிக்கும் பாருங்க, அந்த குதிலதான் சாவீங்க. பேக்கெட் (டேட்டா துண்டு) தொலைஞ்சா திருப்பி அனுப்பற வரைக்கும் எல்லாம் ஒறைஞ்சு நின்னு, அப்புறம் எல்லாரும் ஒரேயடியா ஓடுவாங்க, அத வச்சே கண்டுபிடிக்கலாம். இன்டர்நெட் ஸ்பீட ஏத்தி பிரயோஜனமில்ல, இந்த கேமுக்கு போற டேட்டா ரொம்ப சின்னது. வீட்ல வேற யாராவது பெரிய ஃபைல் அப்லோட் பண்றாங்களான்னு மட்டும் பாருங்க. உங்களோட சேந்து கில்டு முழுக்க ஒரே நேரத்துல "லேக் லேக்"னு கத்துனா அது சர்வர் பிரச்சன, காத்திருக்கறத தவிர வழியில்ல. 2021 டிசம்பர்ல ஃபைனல் ஃபேன்டஸி 14ல க்யூ தாங்காம கம்பெனியே கேம் விக்கறத கொஞ்ச நாள் நிறுத்தி வச்சது ஞாபகம் இருக்கா?

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா, மைனிங்ல (கிரிப்டோ காசு எடுக்கறதுல) ஓடுனதா இருந்துட்டா? – ஒரு திருடன் (கேம்லதான்)

வாங்கலாம். 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கற கிரிப்டோ காசு மைனிங் முறைய விட்டதும் மூட்டை மூட்டையா கார்டு வெளிய வந்துச்சு, அதுல பலது இன்னும் நல்லாவே ஓடுது. சிப்பு அவ்ளோ சீக்கிரம் சாகாது, ஃபேனும் தெர்மல் பேஸ்டும்தான் தேயும். விக்கறவர் முன்னாடியே அரை மணி நேரம் ஃபுல் லோடுல ஓட்டிப் பாருங்க, ஓட்ட விடமாட்டேன்னா எழுந்து வந்துருங்க.

பயப்பட வேண்டியது மைனிங்குக்கு இல்ல, பேருக்கு. ஆர்எக்ஸ் 580லயே 2048எஸ்பின்னு ஒண்ணு உண்டு, அசல் 580ல 2304 கோர், இதுல 2048. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இன்னொரு வம்பு, பெரும்பாலும் 4 ஜிபிதான், அதோட நாலே டேட்டா பாதைல மதர்போர்டோட பேசுது, பிசிஐஇ 3 வகை பழைய போர்டுல மாட்டுனா இன்னும் நொண்டும். ஆர்டிஎக்ஸ் 3050லயும் 8 ஜிபி, 6 ஜிபின்னு ரெண்டு இருக்கு, 6 ஜிபி வெறும் மெமரி கம்மியானது மட்டும் இல்ல, கார்டே மெதுவானது. தனி பவர் கேபிள் வேணாம்கறது ஒண்ணுதான் அதுக்கு ப்ளஸ், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மாட்ட நெனைக்கறவங்களுக்கு அது ஒதவும்.

கேள்வி: அண்ணே எல்லாம் மாட்டிட்டேன், ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிஸ்ப்ளே வரல. ராத்திரி மூணு மணிக்கு எழுதறேன். – ஒரு வீரன்

இதழ் வர்றதுக்குள்ள சரி பண்ணியிருப்பீங்க, இருந்தாலும் அடுத்தவங்களுக்கு ஒதவட்டும். மானிட்டர் கேபிள் எங்க சொருகியிருக்கு? மதர்போர்டுலயா கார்டுலயா? கார்டு மாட்டுன பின்னாடி கேபிள் கார்டுலதான் சொருகணும். ஐ3 12100எஃப் மாதிரி கடைசில எஃப் போட்ட இன்டெல் ப்ராசஸர்லயும், ரைசன் 5 5600லயும் உள்ள கிராபிக்ஸே கெடையாது, போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐ வெறும் ஓட்டைதான். நானும் ஒரு தடவ இப்படி ரெண்டு மணி நேரம் ராமையே கழட்டி கழட்டி மாட்டிட்டு இருந்தேன், வந்து பாத்த தங்கச்சி கேபிள மாத்தி சொருகிட்டு ஒண்ணும் சொல்லாம போனா.

அடுத்து ப்ராசஸருக்கு மேல் மூலைல போற 8 பின் பவர், அத மறந்தா ஃபேன் மட்டும் சுத்தும். ராம் ரெண்டும் ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல, க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி. அப்பவும் வரல, போர்டு பி450 மாதிரி பழசு, ப்ராசஸர் 5600னா பயாஸ் பழசா இருக்கலாம், அப்ப அந்த ப்ராசஸர அதுக்கு அடையாளமே தெரியாது. போர்டு பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக்னு பட்டன் இருந்தா பென்டிரைவ் வச்சு நீங்களே அப்டேட் பண்ணிக்கலாம், இல்லன்னா கடைக்குதான் தூக்கிட்டு போகணும். வரும்போது கூலர் அடில இருக்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கர உரிச்சீங்களான்னும் ஒரு எட்டு பாத்துருங்க.

கேள்வி: வீட்ல 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் சும்மா கெடக்கு, கேம அதுல போட்டுக்கலாமா? – இன்னொரு ஹீலர்

போட்டா ஓடும். ஆனா ஹார்ட் டிஸ்க் வரிசையா படிச்சாலே செகண்டுக்கு 150 எம்பி சுமாருக்குதான் வரும், சாட்டா எஸ்எஸ்டி 550, என்விஎம்இ 3000க்கு மேல. இந்த கேம்கள்ல சின்னச்சின்ன ஃபைல அங்கயும் இங்கயும் தேடித்தேடி எடுக்கணும், அப்ப ஹார்ட் டிஸ்க் இன்னும் தவழும். டன்ஜன் (குழுவா போற குகை) லோடாகி நீங்க உள்ள வர்றதுக்குள்ள டேங்க் மொத கும்பல இழுத்துட்டு போய் செத்துருப்பாரு, திட்டு உங்களுக்கு விழும். அதுல போட்டோ, ஸ்க்ரீன்ஷாட், பழைய வீடியோ போட்டு வைங்க. எம்.2 எஸ்எஸ்டி (போர்டுலயே சொருகற சின்ன பட்டை) வாங்கும்போது மட்டும் என்விஎம்இயா சாட்டாவான்னு கேட்டு வாங்குங்க, பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், சில பழைய போர்டு ஸ்லாட்டு ரெண்டுல ஒண்ணத்தான் ஏத்துக்கும்.